லேப்டாப்பில் மாற்றிய பாஸ்வேர்டு போனுக்கு வரவில்லையா? எங்கே அறுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்க விண்டோஸ் லேப்டாப்பில் கீபாஸ்எக்ஸ்சி ஆப், ஆண்ட்ராய்டு போனில் கீபாஸ்டிஎக்ஸ் ஆப், எல்லாப் பாஸ்வேர்டும் இருக்கும் அந்தப் பெட்டகக் கோப்பை இரண்டுக்கும் நடுவே வைஃபை வழியாகக் கொண்டு சேர்க்க சிங்க்திங். புது ஃபைபர் இணைப்பு வந்து ரௌட்டர் மாறிய நாளிலிருந்து போன் 'டிஸ்கனெக்டட்' என்றே காட்டுகிறது. எப்போதாவது இணைந்தாலும் போனில் பழைய பாஸ்வேர்டுதான் தெரிகிறது. போதாக்குறைக்குக் கோப்புறையில் 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்ற பெயரோடு இன்னொரு கோப்பு வந்திருக்கிறது, அதை அழித்துவிடலாமா என்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அழிக்காதீர்கள். போனில் நீங்கள் மாற்றிய ஏதோ ஒரு பாஸ்வேர்டு அந்தக் கோப்பில் மட்டுமே இருக்கக்கூடும். எந்த செட்டிங்கையும் தொடும் முன் மூன்று கோப்புகளை ஒரு பென்டிரைவில் தனித்தனிப் பெயரில் நகலெடுத்து வையுங்கள்: லேப்டாப்பில் உள்ள பெட்டகம், அந்தக் கான்ஃப்ளிக்ட் கோப்பு, போனில் உள்ள பெட்டகம். போனில் இருப்பதை யூஎஸ்பி கேபிள் போட்டு எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் பூட்டிய கோப்புகள்தான், மாஸ்டர் பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் திறக்க முடியாது. அதனால் பென்டிரைவில் இருப்பதில் பயமில்லை. சிங்க் நின்றுபோவது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். பெட்டகமே கெட்டுப்போனால் வங்கி, மின்னஞ்சல், பிஎஃப் கணக்கு என்று ஒவ்வொன்றாக மீட்டெடுக்க அலைய வேண்டியிருக்கும். அதனால்தான் இந்த ஒரு வேலையை முடிக்காமல் கீழே போக வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

சரி, இப்போது பழுதுக்கு வருவோம்.

'சிங்க் ஆகவில்லை' என்று நாம் ஒரே வார்த்தையில் சொன்னாலும், உள்ளே வேலை செய்வது ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர். கீபாஸ்எக்ஸ்சிக்கு நெட்வொர்க் பற்றி எதுவும் தெரியாது; ஒரு கோப்பைத் திறக்கும், மாற்றும், சேமிக்கும். சிங்க்திங்குக்கு அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. கோப்பு மாறியிருந்தால் மறுபக்கம் கொண்டுபோய் வைக்கும். போனில் உள்ள கீபாஸ்டிஎக்ஸுக்கு அந்தக் கோப்பு எப்படி வந்தது என்று தெரியாது; நீங்கள் காட்டிய இடத்தில் இருப்பதைத் திறக்கும். இவற்றில் எது சறுக்கினாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: போனில் பழைய பாஸ்வேர்டு. எது சறுக்கியது என்று தெரியாமல் ஆப்பை நீக்கித் திரும்பப் போடுவது, இணைப்பை அழித்துப் புதிதாகச் சேர்ப்பது என்று இறங்கினால் பழுது கூடும். போனில் சிங்க்திங்கை நீக்கித் திரும்ப நிறுவினாலே அந்தக் கருவியின் அடையாள எண் மாறிவிடும். 56 எழுத்து கொண்ட அந்த அடையாளம் மாறிவிட்டால் லேப்டாப்புக்கு அது முன்பின் தெரியாத புதுப் போன்தான். மறுபடி இரண்டு பக்கமும் அனுமதி கொடுக்க வேண்டும்.

எது சறுக்கியது என்று கண்டுபிடிக்க, பெட்டகத்தைத் தொடாமலேயே ஒரு சோதனை செய்யலாம். லேப்டாப்பில் அதே கோப்புறைக்குள் நோட்பேடில் ஒரு வரி எழுதி, சோதனை என்று பெயர் வைத்துச் சேமியுங்கள். போனில் சிங்க்திங்கைத் திறந்து, திரையை அணைய விடாமல் இரண்டு நிமிடம் காத்திருங்கள். உடனே வரவில்லையே என்று பதற வேண்டாம். கோப்பு மாறியதைக் கவனித்த பிறகும் சிங்க்திங் வழக்கமாகப் பத்து நொடி பொறுத்துத்தான் கிளம்பும். அந்தக் கோப்பு போனுக்கு வந்துவிட்டால் நெட்வொர்க்கும் சிங்க்திங்கும் நலம், பழுது பாஸ்வேர்டு ஆப்பில். வராவிட்டால் பாஸ்வேர்டு ஆப்பைத் தொடவே வேண்டாம், பழுது வழியில்.

உங்கள் விஷயத்தில் கோப்பு வராது என்றே நினைக்கிறேன். ரௌட்டர் மாறிய நாளிலிருந்து என்கிறீர்களே, அந்த ஒரு தகவல் போதும். என் சந்தேகம் முதலில் ரௌட்டர் மேல் அல்ல, விண்டோஸ் மேல்.

காரணம் சொல்கிறேன். விண்டோஸ் ஒவ்வொரு புது வைஃபையையும், நீங்கள் வேறு மாதிரி சொல்லாதவரை, 'பப்ளிக்' என்றே எடுத்துக்கொள்ளும். அதாவது பேருந்து நிலையத்து இலவச வைஃபை போல, சுற்றி இருப்பவர் யாரையும் நம்பக்கூடாது என்று, வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை இறுக்கிவிடும். பழைய ரௌட்டரின் வைஃபைக்கு எப்போதோ 'பிரைவேட்' என்று சொல்லியிருப்பீர்கள். சிங்க்திங் முதன்முதலில் ஓடியபோது ஃபயர்வால் கேட்டதற்கும் பிரைவேட் பெட்டியில் மட்டும் டிக் போட்டிருப்பீர்கள். அது சரியான முடிவுதான். ஆனால் ரௌட்டர் மாறியதும் வைஃபை பெயரும் மாறியது, விண்டோஸ் அதைப் பப்ளிக் என்று வகுத்துக்கொண்டது, பழைய அனுமதி அங்கே செல்லாது. போனிலிருந்து வரும் அழைப்பை லேப்டாப் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். லேப்டாப்பிலிருந்து போனுக்குப் போகும் அழைப்புக்குத் தடையில்லை. இணையத்தில் உள்ள சிங்க்திங்கின் முகவரிச் சேவையகம் வழியாகப் போன் எங்கே இருக்கிறது என்று லேப்டாப்புக்கு எப்போதாவது தெரியவந்தால் இணைப்பு கிடைத்துவிடும். 'எப்போதாவது இணைகிறது' என்று நீங்கள் சொல்வதற்கும் இது பொருந்துகிறது.

செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் என்ற பகுதிக்குப் போய், இணைந்திருக்கும் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு வட்டம் இருக்கும். வீட்டு வைஃபை என்பதால் பிரைவேட்டைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகும் வரவில்லை என்றால் விண்டோஸ் டிஃபென்டர் ஃபயர்வாலின் மேம்பட்ட பகுதியைத் திறந்து, உள்வரும் விதிகள் பட்டியலில் சிங்க்திங் என்ற பெயரைத் தேடுங்கள். பச்சை டிக்குக்குப் பதில் சிவப்புத் தடைக்குறி இருந்தால் அதுதான் குற்றவாளி. ஃபயர்வால் முதன்முதலில் அனுமதி கேட்கும்போது அவசரத்தில் கேன்சல் அழுத்தினால், 'இப்போதைக்கு வேண்டாம்' என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளாது. 'தடு' என்று நிரந்தர விதியே எழுதிவிடும், பெரும்பாலும் டிசிபிக்கு ஒன்று, யூடிபிக்கு ஒன்று (இவை நெட்வொர்க்கில் தகவல் போகும் இரண்டு முறைகள்). தடுக்கும் விதி இருக்கும்போது எத்தனை அனுமதி விதி சேர்த்தாலும் பலனில்லை, தடைதான் ஜெயிக்கும். அந்தச் சிவப்பு விதிகளை நீக்கிவிட்டுப் புதிதாக அனுமதி கொடுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டிய போர்ட் எண்கள், அதாவது வாசல் எண்கள்: கோப்பு போக்குவரத்துக்கு 22000, டிசிபியும் யூடிபியும் இரண்டுமே, அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கூவித் தேடுவதற்கு யூடிபி 21027. தனியாக வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கலாம், அங்கேயும் பாருங்கள்.

ஃபயர்வாலை முழுதாக அணைத்துவிட்டுப் பார் என்று பலர் யோசனை சொல்வார்கள். பாஸ்வேர்டுப் பெட்டகம் இருக்கும் லேப்டாப்பில் அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. சரியான விதியைத் தேடிப்பிடிக்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

அடுத்தது ரௌட்டர். லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுத்தால் ஐபி முகவரி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அந்தக் கருவிக்குரிய எண், தெரியும். போனில் வைஃபை செட்டிங்ஸில் இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் அதன் முகவரி தெரியும். இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். முதல் மூன்று பகுதி ஒன்றாக இருக்கிறதா? லேப்டாப் 192.168.1.10, போன் 192.168.1.23 என்பது போல இருந்தால் வீட்டு ரௌட்டர்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே நெட்வொர்க். ஒன்று 192.168.1 என்றும் மற்றொன்று 192.168.0 என்றும் தொடங்கினால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் ஓடுகிறது.

ஃபைபர் வந்த வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். நிறுவனத்தார் மாட்டிவிட்டுப் போன பெட்டியே ஒரு ரௌட்டர்தான். உள் அறைக்கு சிக்னல் எட்டவில்லை என்று பழைய ரௌட்டரை அதன் பின்னால் கேபிள் போட்டு மாட்டியிருப்போம். வைஃபைக்குப் பழைய பெயரையே வைத்திருந்தால் எது எதில் இணைந்திருக்கிறது என்று நமக்கே தெரியாது. லேப்டாப் முன்னறையில் ஃபைபர் பெட்டியிலும், போன் உள்ளறையில் பழைய ரௌட்டரிலும் இருந்தால், சிங்க்திங்கின் தேடல் குரல் ஒரு ரௌட்டரைத் தாண்டி அடுத்த ரௌட்டருக்குள் போகாது. இரண்டிலும் இணையம் நன்றாக ஓடுவதால் நமக்குச் சந்தேகமும் வராது. இதற்கு நல்ல தீர்வு பழைய ரௌட்டரை, தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுவது. அந்த வசதி அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் இல்லையென்றால், கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் அதன் டிஎச்சிபியை அணைத்து, அதன் முகவரியை ஃபைபர் பெட்டியின் வரிசையிலேயே, வேறு எதற்கும் இல்லாத ஒரு எண்ணாக மாற்றி, கேபிளை இணையத்துக்கான வான் (WAN) துளையிலிருந்து லேன் (LAN) துளைக்கு மாற்றினால் அதே பலன் கிடைக்கும். பிறகு வீடு முழுக்க ஒரே நெட்வொர்க்.

2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பெயர் தெரிகிறதே, அதனால் பிரச்சினையா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே பெட்டியிலிருந்து வருபவை என்றால் பொதுவாக இல்லை.

முகவரிகள் ஒரே வரிசையில் இருந்தும் இணையவில்லை என்றால் ரௌட்டரில் தனிமைப்படுத்தும் செட்டிங் இருக்கலாம். ஏபி ஐசொலேஷன், கிளையன்ட் ஐசொலேஷன், வயர்லெஸ் ஐசொலேஷன் என்று பெட்டிக்குப் பெட்டி பெயர் மாறும். லாட்ஜ் அறைகள் போலத்தான்: எல்லா அறைக்காரரும் வெளிவாசல் வழியாகத் தெருவுக்குப் போகலாம், ஓர் அறையிலிருந்து பக்கத்து அறைக்குக் கதவு கிடையாது. போனுக்கும் லேப்டாப்புக்கும் இணையம் கிடைக்கும், ஒன்றை ஒன்று பார்க்காது. 'கெஸ்ட்' வைஃபைக்கு இது பெரும்பாலும் எப்போதும் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதனால் வீட்டுப் போன் தெரியாமல் கெஸ்ட் வைஃபையில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். முதன்மை வைஃபையிலேயே இந்த செட்டிங் இருந்தால் ரௌட்டர் பக்கத்தில் அதை எடுத்துவிடுங்கள். அலுவலகம், விடுதி வைஃபையில் இது இருந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே போனின் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து லேப்டாப்பை அதில் இணைத்துப் பாருங்கள், பெரும்பாலும் வேலை நடந்துவிடும். ஆனால் சிங்க்திங் ஆப் வைஃபையில் மட்டும் ஓடும்படி இருந்தால், ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போன் தான் வைஃபையில் இருப்பதாக நினைக்காது. அந்த நேரத்துக்கு அந்த நிபந்தனையைத் தளர்த்த வேண்டும்.

தனிமைப்படுத்தல் இருக்கிறதா என்று அறிய லேப்டாப்பின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ping என்றும், ஓர் இடைவெளி விட்டுப் போனின் முகவரியும் அடித்து, போனுக்கு பிங் கொடுங்கள். போனின் திரை எரிந்துகொண்டிருக்கட்டும். பதில் வந்தால் பாதை திறந்திருக்கிறது. 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று உங்கள் லேப்டாப் முகவரியிலிருந்தே பதில் வந்தால் பக்கத்தில் அப்படி ஒரு கருவி இருப்பதே லேப்டாப்புக்குத் தெரியவில்லை, அதாவது தனிமைப்படுத்தல் அல்லது தவறான முகவரி. திசை முக்கியம். போனிலிருந்து லேப்டாப்புக்கு பிங் கொடுத்து, பதில் வரவில்லை என்று ரௌட்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தானே விழுங்கிவிடும். இன்னொரு பொய்ச் சோதனையும் உண்டு: போனின் பிரவுசரில் லேப்டாப் முகவரியோடு 8384 என்று அடித்து, சிங்க்திங் பக்கம் திறக்கவில்லையே என்று நினைப்பது. அந்தப் பக்கம் லேப்டாப்புக்குள்ளிருந்து மட்டும்தான் திறக்கும்படி அமைந்திருக்கிறது. அது திறக்காமல் இருப்பதுதான் நல்லது.

போனின் இணையப் போக்குவரத்தை வேறு வழியில் திருப்பும் விபிஎன் ஆப் ஏதாவது ஓடுகிறதா? விளம்பரத் தடுப்பு ஆப்களில் சில உள்ளே விபிஎன்னாகவே வேலை செய்கின்றன. அணைத்துவிட்டு ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒன்றை ஒன்று கண்டுபிடிக்கவில்லை என்றால் தேடும் வேலையையே விட்டுவிட்டு முகவரியைக் கையில் கொடுத்துவிடலாம். போனின் சிங்க்திங்கில் லேப்டாப்பின் விவரத்தைத் திறந்தால் முகவரி என்ற இடத்தில் 'டைனமிக்' என்று இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு காற்புள்ளி போட்டு, ஆங்கிலத்தில் டிசிபி என்ற மூன்று எழுத்து, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, அப்புறம் இடைவெளி விடாமல் 192.168.1.10:22000 என்று உங்கள் லேப்டாப் முகவரியைச் சேருங்கள். இரண்டு ரௌட்டர் உள்ள வீட்டில் போன் பின்னால் உள்ள ரௌட்டரில் இருந்தால்கூட இந்த முறை கைகொடுக்கும், ஏனென்றால் பின்னாலிருந்து முன்னால் போக வழி இருக்கிறது. லேப்டாப்பின் முகவரி நாளைக்கே மாறாமல் இருக்க ரௌட்டரில் அதற்கு ஒரு எண்ணை ஒதுக்கி வையுங்கள். அப்படி ஒதுக்கும்போது லேப்டாப்பில் 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். போனுக்கும் எண் ஒதுக்கினால் இதே கவனம் தேவை: ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் (MAC) முகவரியை, அதாவது போலி வன்பொருள் அடையாளத்தை, காட்டுகின்றன. பெட்டியின் மேல் அச்சிட்ட மேக் முகவரியைப் பார்த்து ஒதுக்கினால் அது ஒட்டாது. வைஃபை விவரத்தில் இப்போது காட்டும் மேக் முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இணைந்த பிறகு லேப்டாப்பின் சிங்க்திங் பக்கத்தில் போனின் பெயரைத் தொட்டு, இணைப்பு வகை என்ற வரியைப் படியுங்கள். டிசிபி லேன் (TCP LAN) அல்லது க்விக் லேன் (QUIC LAN) என்று இருந்தால் வீட்டுக்குள்ளேயே நேராகப் போகிறது. ரிலே என்று இருந்தால் வீட்டுக்குள் வழி இல்லாமல் வெளியே ஒரு ரிலே சேவையகத்தைச் சுற்றி வருகிறது. ரிலே நடத்துபவரால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது, இரண்டு முனைக்கும் இடையே எல்லாம் மறைகுறியாக்கித்தான் போகிறது. பெட்டகக் கோப்பு சில நூறு கிலோபைட்தான் என்பதால் ரிலேயின் வேகக்குறைவும் உறைக்காது. ஆனால் ரிலே என்று காட்டுகிறது என்றால் மேலே சொன்ன ஏதோ ஒன்று இன்னும் சரியாகவில்லை என்று பொருள்.

இனி போனுக்குள் வருவோம். முதலில், நீங்கள் வைத்திருப்பது எந்த சிங்க்திங் ஆப்? சிங்க்திங் குழுவின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு ஆப் 2024 டிசம்பர் வெளியீட்டோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதையே வைத்திருந்தால், அதன் வழிவந்த மாற்று ஆப்பான சிங்க்திங்-ஃபோர்க்குக்கு மாறுங்கள். பழையதிலிருந்து செட்டிங்ஸை ஏற்றுமதி செய்து புதியதில் இறக்கினால் அடையாள எண் மாறாது.

ஆண்ட்ராய்டில் அடிக்கடி பார்க்கும் பழுது பேட்டரி சிக்கனம். திரை அணைந்த சிறிது நேரத்தில் பின்னணியில் ஓடும் ஆப்பை ஆண்ட்ராய்டு உறங்கவைக்கும். சியோமி, ஓப்போ, விவோ, ரியல்மீ போன்களில் இதற்கு மேல் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனி அனுமதியும் உண்டு. அதைக் கொடுக்காவிட்டால் போனை ரீஸ்டார்ட் செய்தபின் ஆப் தானாக எழாது. ஆப் விவரத்தில் பேட்டரிக்குள் 'அன்ரிஸ்ட்ரிக்டட்' கொடுங்கள், ஆட்டோஸ்டார்ட் இருந்தால் அதையும் கொடுங்கள். பேட்டரி தீர்ந்துவிடுமோ என்று யோசித்தால் சார்ஜ் ஏறும்போது மட்டும் ஓடும்படி வைக்கலாம், ஆனால் அப்போது பகலில் மாற்றிய பாஸ்வேர்டு இரவில்தான் போகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, யாருக்கும் எளிதில் சந்தேகம் வராத இடம்: லொக்கேஷன். சிங்க்திங் ஆப்பில் 'இந்தப் பெயருள்ள வைஃபையில் மட்டும் ஓடு' என்று வைத்திருந்தால், வைஃபையின் பெயரைப் படிக்க அதற்கு லொக்கேஷன் அனுமதியும் வேண்டும், போனில் லொக்கேஷன் ஆன் ஆகவும் இருக்க வேண்டும். வைஃபை பெயரை வைத்து ஆள் எங்கே இருக்கிறார் என்று ஊகிக்க முடியும் என்பதால் ஆண்ட்ராய்டு அதையும் இட விவரமாகவே கருதுகிறது. பேட்டரியை மிச்சப்படுத்த லொக்கேஷனை அணைத்தால் சிங்க்திங்குக்கு வைஃபை பெயர் தெரியாது, நிபந்தனை பொருந்தவில்லை என்று சும்மா இருந்துவிடும். உங்கள் விஷயத்தில் இன்னும் எளிய காரணமும் இருக்கலாம்: ரௌட்டர் மாறி வைஃபை பெயர் மாறியிருக்கிறது, அந்தப் பட்டியலில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கிறது. ஆப்பில் 'ஏன் ஓடவில்லை' என்பதற்கான காரணத்தையே ஒரு வரியில் காட்டும், அதைப் படித்துப் பாருங்கள்.

கோப்புறை பக்கம் 'மார்க்கர் மிஸ்ஸிங்' என்று பிழை வந்தால் யாரோ, பெரும்பாலும் ஏதாவது கிளீனர் ஆப், கோப்புறைக்குள் மறைவாக இருக்கும் எஸ்டிஃபோல்டர் (.stfolder) என்ற அடையாளத்தை அழித்திருக்கிறது. கோப்புறை காணாமல் போனதை 'எல்லாம் அழிக்கப்பட்டது' என்று தப்பாக எடுத்துக்கொண்டு மறுபக்கமும் அழித்துவிடக்கூடாது என்பதற்காக வைத்த காவல் அது. பெட்டகம் உள்ளே இருக்கிறதா என்று முதலில் பார்த்து உறுதிசெய்துவிட்டு அடையாளத்தைத் திரும்ப உருவாக்குங்கள். போனில் மாற்றியது லேப்டாப்புக்கு வராமல், லேப்டாப்பில் மாற்றியது மட்டும் போனுக்கு வருகிறது என்றால் போனின் கோப்புறை வகை 'ரிசீவ் ஒன்லி' (பெற மட்டும்) என்று இருக்கக்கூடும். பெட்டகம் எஸ்டி கார்டில் இருந்தால் உள் நினைவகத்துக்கு மாற்றிவிடுங்கள். கார்டில் எழுத ஆண்ட்ராய்டு படுத்தும் பாடு தேவையற்றது.

இப்போது சோதனைக் கோப்பு வந்துவிட்டது, பாஸ்வேர்டு மட்டும் பழையது என்றால்? இரண்டு பக்கமும் பெட்டகக் கோப்பின் அளவையும் மாற்றிய நேரத்தையும் ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் கீபாஸ்டிஎக்ஸ் வேறு ஏதோ ஒரு கோப்பைத் திறந்துகொண்டிருக்கிறது. தொடக்கத்தில் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ உங்களுக்கே அனுப்பி, டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்து திறந்திருப்பீர்கள். ஆப் அந்த நகலையே நினைவில் வைத்திருக்கும். சமீபத்தியவை என்ற பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதிலும் இதே ஆபத்து. ஆப்பில் பழைய பாதையை நீக்கிவிட்டு, கோப்புத் தேர்வில் உள் நினைவகத்துக்குள் இறங்கி, சிங்க்திங் கோப்புறைக்குள் இருக்கும் கோப்பையே காட்டுங்கள். சரியான கோப்புதான் என்றால், காலையில் திறந்த பெட்டகத்தையே ஆப் மாலை வரை நினைவகத்தில் வைத்திருக்கலாம். திரை அணையும்போது பூட்டிக்கொள்ளும்படி வையுங்கள். மறுபடி திறக்கும்போது புதியது வரும். லேப்டாப்பிலும் கீபாஸ்எக்ஸ்சியில் வெளியே மாறினால் தானாக மீண்டும் ஏற்றும் செட்டிங் ஆன் ஆக இருக்கட்டும்.

கோப்பு புதியது, ஆனால் திறக்கும்போது போன் திணறி ஆப் மூடிக்கொள்கிறது என்றால் அது சிங்க் பிரச்சினையே இல்லை. பெட்டகத்தின் பாதுகாப்பு செட்டிங்கில் மாஸ்டர் பாஸ்வேர்டை யூகித்துத் திறப்பதைக் கடினமாக்கும் ஆர்கான்2 என்ற முறை எடுத்துக்கொள்ளும் நினைவகத்தை யாரோ ஒரு ஜிபி என்று ஏற்றியிருப்பார்கள். லேப்டாப் தாங்கும், போன் தாங்காது. கீபாஸ்எக்ஸ்சி வழக்கமாக வைக்கும் 64 எம்பியே, நல்ல நீளமான மாஸ்டர் பாஸ்வேர்டோடு சேர்ந்தால், வீட்டு உபயோகத்துக்குத் தாராளம்.

கடைசியாக அந்தக் கான்ஃப்ளிக்ட் கோப்பு. ஒன்றையொன்று பார்க்காத நேரத்தில் இரண்டு பக்கமும் பெட்டகம் மாறியிருந்தால், எது சரி என்று சிங்க்திங் தானாக முடிவுசெய்யாது. மாற்றிய நேரம் பழையதாக உள்ள கோப்புக்கு, தேதி எட்டு இலக்கம், நேரம் ஆறு இலக்கம், மாற்றிய கருவியின் அடையாளத்தில் முதல் ஏழு எழுத்து என்று பெயரில் சேர்த்து ஓரமாக வைக்கும். பழையது என்றால் பயனற்றது என்று பொருள் இல்லை. மதியம் பேருந்தில் போனில் வங்கிப் பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள், மாலை லேப்டாப்பில் வேறு ஏதோ ஒரு கணக்கைச் சேர்த்திருப்பீர்கள். நேரப்படி போனின் கோப்பு தோற்கும். ஆனால் வங்கியின் புதுப் பாஸ்வேர்டு அதில் மட்டும்தான் இருக்கிறது.

இரண்டையும் ஒன்றாக்குவது எளிது. போனில் பெட்டகத்தைப் பூட்டுங்கள். லேப்டாப்பில் முதன்மைப் பெட்டகத்தைக் கீபாஸ்எக்ஸ்சியில் திறந்து, டேட்டாபேஸ் மெனுவில் வேறு டேட்டாபேஸிலிருந்து இணைக்கும் கட்டளையைக் கொடுத்து, கான்ஃப்ளிக்ட் கோப்பைக் காட்டி, அதன் மாஸ்டர் பாஸ்வேர்டைக் கொடுங்கள். ஒவ்வொரு பதிவையும் அதன் உள் அடையாளத்தை வைத்துத் தனித்தனியாக ஒப்பிட்டு, எது கடைசியாக மாறியதோ அதை மேலே வைக்கும். மற்றதை அந்தப் பதிவின் ஹிஸ்டரிக்குள் போடும். இந்த ஒப்பீடு முழுக்க நேரத்தை நம்பி இருப்பதால் போன், லேப்டாப் இரண்டிலும் கடிகாரம் தானியங்கியாக இருக்க வேண்டும். இணைத்த பிறகு நீங்கள் மாற்றியதாக நினைவிருக்கும் பதிவுகளைத் திறந்து, ஹிஸ்டரியையும் பார்த்து, அந்தக் கணக்குகளில் ஒரு முறை உள்ளே நுழைந்து சரிபாருங்கள். எல்லாம் சரியென்றால் சேமித்துவிட்டு, கான்ஃப்ளிக்ட் கோப்பை ஒரு பக்கம் மட்டும் அழியுங்கள். மறுபக்கம் தானாகப் போய்விடும். பென்டிரைவ் நகல் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

'லேப்டாப்பில் எதையுமே மாற்றவில்லை, ஆனாலும் கான்ஃப்ளிக்ட் வருகிறது' என்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பெட்டகத்தைப் பூட்டும்போது தகவல் அல்லாத மாற்றங்களையும் தானாகச் சேமி என்று கீபாஸ்எக்ஸ்சியில் ஒரு செட்டிங் உண்டு. எந்தக் குழு விரிந்திருந்தது என்பது போன்ற சின்ன விஷயத்துக்குக்கூடக் கோப்பு புதிதாக எழுதப்படும், சிங்க்திங்குக்கு அது முழு மாற்றம்தான். அதை எடுத்துவிடுங்கள். உண்மையான மாற்றத்தை உடனே சேமிக்கும் செட்டிங்கை மட்டும் வையுங்கள். கூடவே லேப்டாப்பின் சிங்க்திங்கில் அந்தக் கோப்புறைக்குப் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதியை, ஐந்தோ பத்தோ பதிப்பு என்று, ஆன் செய்யுங்கள். போனிலிருந்து வந்து மேலெழுதிய ஒவ்வொன்றுக்கும் முந்தையது லேப்டாப்பில் பத்திரமாக இருக்கும். மாஸ்டர் பாஸ்வேர்டோடு கூடுதல் சாவியாகக் கீ ஃபைல் வைத்திருப்பவர்கள் அதை இந்தக் கோப்புறைக்குள் போடாமல், ஒரு முறை கேபிள் வழியாகப் போனுக்கு மாற்றிவிடுங்கள். பூட்டும் சாவியும் ஒரே பையில் பயணிக்க வேண்டாம்.

இவ்வளவு சிரமத்துக்குப் பேசாமல் கிளவுட் சேவைக்கே போகலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். போகலாம், தவறில்லை. பூட்டிய கோப்புதானே போகிறது. ஆனால் 2022இல், பாஸ்வேர்டுகளைக் கிளவுடில் வைக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திடமிருந்து வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகல் திருடுபோனபோது, பலவீனமான மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்தவர்கள் எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்தார்கள். இணையத் தள முகவரிகள் அதில் பூட்டப்படாமலே இருந்தன. உங்கள் கோப்பு உங்கள் இரண்டு கருவியில் மட்டும் இருப்பது ஒரு நல்ல நிலை. பெரும்பாலும் ஒரு பப்ளிக், பிரைவேட் வட்டத்துக்காக அதை விட வேண்டாம் என்பது என் கருத்து.

என்பாஸ் போன்ற வேறு மேலாளர்களில் வைஃபை சிங்க் வைத்திருப்பவர்களும் நெட்வொர்க் பற்றிச் சொன்ன பகுதியை அப்படியே பின்பற்றலாம். போர்ட் எண்கள் மட்டும் வேறு. ஐபோன் என்றால் கூடுதலாக ஒன்று: ஐஓஎஸ் 14 முதல் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி ஒவ்வொரு ஆப்புக்கும் தனியாக வேண்டும், மேக் கணினியில் மேக்ஓஎஸ் செக்கோயா பதிப்பிலிருந்தும் அதே. முதலில் கேட்டபோது மறுத்திருந்தால் பிரைவசி செட்டிங்ஸில் போய்த்தான் திருத்த முடியும்.

இதையெல்லாம் பார்த்தும் இணையவில்லை என்றால் நான்கு விவரம் எழுதுங்கள்: இரண்டு கருவியின் ஐபி முகவரி, லேப்டாப்பிலிருந்து போனுக்குக் கொடுத்த பிங்கின் பதில், லேப்டாப் சிங்க்திங்கில் இணைப்பு வகை என்ன காட்டுகிறது, போன் ஆப்பில் அந்த 'ஏன் ஓடவில்லை' வரி. அடையாள எண்ணையும் பெட்டகக் கோப்பையும் அனுப்ப வேண்டாம், அவை எனக்குத் தேவைப்படாது.